பொத்தான்களில் பிறந்த கச்சேரி: கேம் பாய் மேடையேறிய வரலாறு

கேம் பாய் கருவியைக் கையில் பிடித்தபடி மேடையில் இசை நிகழ்த்துபவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் பத்திரிகைகள் ஒரே விளக்கத்தைத்தான் தருகின்றன: சிறுவயதில் விளையாடிய கருவியின் மீதுள்ள ஏக்கம். சொல்வதற்கு எளிய விளக்கம், ஆனால் வரலாற்றோடு பொருந்தவில்லை. அதே ஏக்கம் கமடோர் 64 கணினி மீதும் இருந்தது, நின்டென்டோவின் ஃபேமிகாம் மீதும் இருந்தது. இருந்தும் 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில், பழைய ஒலிச் சில்லுகளில் உருவாகும் சிப்டியூன் இசையின் மேடை முகமாக ஆனது கையடக்கமான கேம் பாய்தான். ஏக்கம் பொதுவானது என்றால், இந்த ஒரு கருவி மட்டும் எப்படி மேடையைப் பிடித்தது? நின்டென்டோவுக்குத் தொடர்பில்லாத இரண்டு தனிமனிதர்கள் 1998-க்கும் 2001-க்கும் இடையில் அதற்காக எழுதிய இரண்டு மென்பொருள்களில் இதற்கான விடை இருக்கிறது. விளையாட்டுக் கருவி ஒன்று வாத்தியமாக மாறியது அந்த மென்பொருள்களால்தான். அந்த மாற்றம் நடந்த விதத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

முதலில் கருவி. 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் 12,500 யென் விலையில் கேம் பாய் விற்பனைக்கு வந்தது. நின்டென்டோவில் குன்பெய் யோக்கோயின் தலைமையில் இயங்கிய பிரிவு அதை உருவாக்கியது. பொறியியல் பொறுப்பில் சதோரு ஒகாடா முக்கியமானவர். 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட திரை, அதில் நான்கே சாயல்கள், 4.19 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் செயலி, 4 ஏஏ பேட்டரிகள். வெளிவந்த நாளிலேயே இது பழைய தொழில்நுட்பம். நன்றாகப் பழகி, விலை இறங்கிவிட்ட பாகங்களை எடுத்துப் புதிய வேலைக்குப் பயன்படுத்துவதே யோக்கோயின் கொள்கை. அதனால் கருவி மலிவாகவும் உறுதியாகவும் இருந்தது, பேட்டரியும் நெடுநேரம் தாங்கியது. அடுத்து வந்த கேம் பாய் கலர் ரகத்தையும் சேர்த்து உலகம் முழுவதும் ஏறத்தாழ 11 கோடியே 87 லட்சம் கருவிகள் விற்றன. பிற்கால இசைக்கலைஞர்களுக்கு இந்த எண்ணிக்கை பெரிய கொடை. பழைய பொருள் கடைகளிலும் வாரச் சந்தைகளிலும் சொற்ப விலைக்கு வாத்தியம் கிடைத்தது. ஒன்று பழுதானால் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம்.

அதன் ஒலிப்பகுதி நான்கு தடங்கள் கொண்டது. முதல் இரண்டும் சதுர அலையை எழுப்புபவை. அலையின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் எந்த விகிதத்தில் நீள வேண்டும் என்பதற்கு 12.5, 25, 50, 75 சதவீதம் என்று நான்கு தேர்வுகள் உண்டு. 12.5 சதவீதத்தில் குரல் மெலிந்து மூக்கால் பாடுவதாகக் கேட்கும், 50 சதவீதத்தில் உருண்டு திரண்டு ஒலிக்கும். மூன்றாவது தடத்தில் அலையின் வடிவத்தை 32 புள்ளிகளில் பயனரே வரைந்துகொள்ளலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்கள்தான். கேம் பாய் இசையின் கனமான கீழ்ஸ்தாயி பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. நான்காவது தடம் இரைச்சல் எழுப்புவது, தாள வேலைக்கு ஆனது. உள்ளிருக்கும் சிறிய ஒலிபெருக்கியில் எல்லாம் ஒரே கலவையாகக் கேட்கும். ஹெட்ஃபோன் செருகினால் இடம், வலம் என்று பிரியும். ஒரு தடத்தை இடப்பக்கம், வலப்பக்கம் அல்லது இரண்டிலும் வைக்கலாம். இடைநிலை எதுவும் கிடையாது.

இந்த ஒலிப்பகுதியின் உருவாக்கத்தில் பங்கேற்ற ஹிரோகாசு தனாகா ஓர் அபூர்வமான மனிதர். 1986-ல் வெளிவந்த மெட்ராய்ட் விளையாட்டுக்கும், கேம் பாயோடு உலகெங்கும் பரவிய டெட்ரிஸ் பதிப்புக்கும் இசை அமைத்தவர் அவரே. மின்சுற்றையும் மெட்டையும் ஒரே ஆள் கையாண்டதால் அந்த நான்கு தடங்களின் எல்லை அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு சிப் தனாகா என்ற பெயரில் அவரே மேடைக்கு வந்தார். 2017-ல் ஜாங்கோ என்ற ஆல்பத்தையும் வெளியிட்டார்.

ஆனால் தனாகாவின் காலத்தில் விளையாட்டுக்கு இசை அமைப்பது நிரல் எழுதும் வேலையாகவே இருந்தது. சுரங்களை எண்களாக்கி, ஒலிச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாகத் தட்டச்சு செய்ய வேண்டும். இதை உடைத்தது ஐரோப்பிய வீட்டுக் கணினிப் பண்பாடு. 1987-ல் ஜெர்மனியின் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி அமிகா கணினிக்காக எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர், சுரங்களை மேலிருந்து கீழாக ஓடும் பத்திகளில் அடுக்கிக் காட்டியது. ‘டிராக்கர்’ என்ற மென்பொருள் வகைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மென்பொருள்களின் பூட்டை உடைத்துப் பகிர்ந்த குழுக்களும், கணினியில் காட்சியும் இசையும் சேர்த்து ‘டெமோ’ படைத்த இளைஞர்களும் டிராக்கரைத் தங்கள் எழுதுகோலாக்கிக்கொண்டார்கள். சில கிலோபைட்டுகளில் அடங்க வேண்டும் என்பதற்காக அமிகாவில் அவர்கள் செய்த சின்னச் சின்னப் பாடல்களைக் குறிக்கவே சிப் இசை என்ற பெயர் 1990-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தது.

இந்த மரபில் பாடல் என்பது ஒரு கோப்பு. அதைத் திறந்தால் ஒவ்வொரு சுரமும் கண்ணுக்குத் தெரியும், மாற்றலாம், கற்கலாம், பிறருக்கு அனுப்பலாம். ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் கார்ல்சன், கேரன் காலின்ஸ் பதிப்பித்த 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பு நூலில், சிப் இசையைத் தரவுப் பகிர்வின் வரலாறாகவே ஆராய்ந்தார். கோட்டோ80 என்ற பெயரில் தானே நிகழ்த்தும் கலைஞர் என்பதால் அவர் பார்வைக்குத் தனி மதிப்பு உண்டு. டெமோ கூடுகைகளில் பாடல்களைப் பெரிய ஒலிபெருக்கிகளில் போட்டுக் கேட்டு வாக்களிப்பது வழக்கம். அங்கே இசையமைப்பாளரும் மற்றவர்களோடு உட்கார்ந்து கேட்பவர்தான். மேடையில் அவருக்கு வேலை இல்லை. கேம் பாய் இசை இந்தப் பழக்கத்திலிருந்து விலகியது எங்கே என்பதுதான் ஆய்வுக்குரிய இடம்.

1998-ல் ஹம்பர்க் நகரின் நுண்கலைக் கல்லூரி மாணவரான ஒலிவர் விட்ஷோ, நானோலூப் என்ற மென்பொருளைக் கேம் பாய்க்காக எழுதினார். டிராக்கரின் எண் பத்திகள் இதில் இல்லை. திரையில் 4-க்கு 4 என்று 16 கட்டங்கள். ஒரு புள்ளி கட்டம் கட்டமாக நகர்ந்து, கடைசிக் கட்டத்தை அடைந்ததும் மீண்டும் முதலுக்கு வரும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்தக் கட்டத்திலும் சுரத்தை வைக்கலாம், எடுக்கலாம், ஸ்தாயியை மாற்றலாம், குரலின் தன்மையைத் திருப்பலாம். இசையை நிறுத்தித் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்கும் அவசியமே இல்லை. எழுதுவதும் வாசிப்பதும் ஒரே செயலாகிவிட்டன. விட்ஷோ நுண்கலை மாணவர் என்பது இந்த வடிவமைப்பில் தெரிகிறது. அது எண்களைக் கேட்கவில்லை, கையையும் காதையும் கேட்டது. 2002-ல் நானோலூப்பில் உருவான படைப்புகளின் தொகுப்பு வந்தபோது, ஜப்பானிய இரைச்சல் இசைக்கலைஞர் மெர்ஸ்பௌவும் ஹம்பர்க்கின் ஃபெலிக்ஸ் குபினும் அதில் இடம்பெற்றார்கள். விளையாட்டு இசையோடு சம்பந்தமே இல்லாத பரிசோதனைக் கலைஞர்கள் இந்தக் கருவியை நாடி வந்தது, ஏக்கம் என்ற விளக்கத்துக்கு எதிரான வலுவான சான்று.

இரண்டாவது மென்பொருள் ஸ்வீடனிலிருந்து வந்தது. யோஹான் கோட்லின்ஸ்கி 2000-ஐ ஒட்டி வெளியிட்ட லிட்டில் சவுண்ட் டிஜே, டிராக்கர் மரபின் முழு வலிமையையும் கேம் பாயின் எட்டே பொத்தான்களுக்குள் கொண்டுவந்தது. இதன் உள்ளமைப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேடை நிகழ்த்துதலின் இலக்கணமே அதிலிருந்துதான் பிறந்தது.

இதில் அடிப்படை அலகு 16 படிகள் கொண்ட சொற்றொடர். சொற்றொடர்கள் பல சேர்ந்து ஒரு சங்கிலி. சங்கிலிகள் நான்கு பத்திகளில் அடுக்கப்பட்டால் அது பாடல். தடத்துக்கு ஒரு பத்தி. மிருதங்கத்தில் சொற்கட்டுகள் கோர்வையாகி, கோர்வைகள் தனி ஆவர்த்தனமாக வளர்வதை ஒத்த கட்டுமானம் இது. ஒரு சொற்றொடரை ஒருமுறை எழுதிவிட்டால் வெவ்வேறு சுருதிக்கு ஏற்றி இறக்கிப் பல சங்கிலிகளில் பயன்படுத்தலாம். எண்கள் எல்லாம் பதினாறடிமானத்தில் இருப்பதால் புதியவர் சில வாரங்கள் திணறத்தான் செய்வார். ஆனால் திரைகள் ஒரு வரைபடத்தில் இருப்பதுபோல் அருகருகே அமைந்திருக்கின்றன. செலக்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு வலப்பக்கம் போகப் போகப் பாடலிலிருந்து சங்கிலிக்கும், சங்கிலியிலிருந்து சொற்றொடருக்கும், அங்கிருந்து வாத்தியத்துக்கும் நுழையலாம். ஏ பொத்தானோடு திசைப் பொத்தானைச் சேர்த்தால் சுரம் மாறும், ஸ்தாயி மாறும். பழகிய கைகள் திரையைப் பார்க்காமலே வேலை செய்கின்றன. பலரும் பேருந்திலும் ரயிலிலும் உட்கார்ந்து முழுப் பாடல்களைக் கட்டியிருக்கிறார்கள்.

நான்கே தடங்கள் என்ற வறுமையை வெல்லும் உத்திகளும் அதற்குள் உண்டு. ஒரு தடத்தில் ஒரு நேரம் ஒரு சுரம்தான் ஒலிக்கும். மூன்று சுரங்களை மிக வேகமாக மாறி மாறி ஒலித்தால் காது அதை ஒரே சுரக்கூட்டாகக் கேட்கிறது. மூன்று குரல் மட்டுமே கொண்ட கமடோர் 64 காலத்திலிருந்து வந்த இந்த உத்தி லிட்டில் சவுண்ட் டிஜேயில் ஒரே எழுத்துக் கட்டளை. ரோலண்ட் நிறுவனத்தின் 808 போன்ற தாள இயந்திரங்களின் ஒலித்துணுக்குகளையும் கோட்லின்ஸ்கி உள்ளே வைத்தார். மூன்றாவது தடத்தின் 32 புள்ளி அலையை இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருப்பதன் மூலம் அவை ஒலிக்கின்றன. 1989-ல் அந்தத் தடத்தை அமைத்தவர்கள் இப்படியொரு வேலைக்காக அதை அமைக்கவில்லை.

மேடையைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமானது இதன் நேரடி நிகழ்த்து நிலை. வழக்கமான நிலையில் பாடல் மேலிருந்து கீழாக ஒழுங்காக ஓடும். பாடல் திரையில் செலக்ட்டையும் இடத் திசையையும் அழுத்தினால் அந்த ஒழுங்கு தளர்கிறது, நான்கு தடங்களும் தனித்தனியே விடுதலை பெறுகின்றன. ஒரு தடத்தில் எந்தச் சங்கிலியின் மீதும் சென்று ஸ்டார்ட்டை அழுத்தலாம். இப்போது ஓடும் சங்கிலி முடிந்ததும், தாளம் பிசகாமல், புதியது தொடங்கும். கீழ்ஸ்தாயி ஒரே கோர்வையில் சுழன்றுகொண்டிருக்க, மேல்குரல் புதிய இடத்துக்குப் போகலாம். தாளத் தடத்தைச் சட்டென்று மௌனமாக்கி, அரங்கைக் காத்திருக்க வைத்து, சரியான இடத்தில் திரும்பக் கொண்டுவரலாம். எழுதிவைத்த பாடலுக்குள் மனோதர்மத்துக்கு இடம் கிடைத்தது இங்கேதான். கோப்பை ஓடவிட்டுக் கேட்ட டிராக்கர் பண்பாட்டிலிருந்து கேம் பாய் பிரிந்த திருப்புமுனையாக இந்த ஒரு வசதியைச் சொல்லலாம். ஏக்கத்தைப் பற்றி ஓயாமல் பேசும் எழுத்துகள் இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் கடந்துபோவது வருத்தம் தருகிறது.

கருவியையும் கலைஞர்கள் மேடைக்குத் தகுந்தபடி மாற்றினார்கள். 1989-ஆம் ஆண்டின் கனத்த சாம்பல்நிற மாதிரிக்கே கிராக்கி அதிகம்; அதன் கீழ்ஸ்தாயி பிந்தைய மாதிரிகளைவிடச் செழிப்பானது என்பது பெரும்பாலோர் கருத்து. அதன் ஹெட்ஃபோன் பெருக்கி சீறல் சேர்ப்பதால், பெருக்கிக்கு முன்பே ஒலியை எடுத்துத் தனித் துளைக்குக் கொண்டுவரும் மாற்றம் பரவலானது. இருட்டரங்கில் பழைய திரை தெரியாது என்பதால் பின்னொளி பொருத்தினார்கள். ஒரு பாடலிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது கோப்பு ஏறும்வரை மௌனம் விழும். அதைத் தவிர்க்க இரண்டு கேம் பாய்களை ஒரு டிஜே மிக்சரின் இருபுறமும் இணைக்கும் முறை வந்தது. ஒன்று ஒலிக்கும்போது மற்றொன்றில் அடுத்த பாடல் தயாராகும். இருவர் சேர்ந்து விளையாடுவதற்காக நின்டென்டோ கொடுத்த இணைப்பு வடத்தைச் செருகி இரண்டையும் ஒரே தாளத்தில் ஓட்டவும் முடிந்தது. நான்கு தடங்கள் எட்டாயின. டிராஷ்80 என்ற கலைஞர் உருவாக்கிய ஆர்டுயினோபாய் என்ற இணைப்புக் கருவி, கேம் பாயை மற்ற மின்னணு வாத்தியங்களோடு பேச வைத்தது. இந்த மாற்றங்கள் எதுவும் நின்டென்டோவின் அனுமதியோடு நடந்தவை அல்ல. வெற்றுத் தோட்டாக்களை (கார்ட்ரிட்ஜ்) எங்கிருந்தோ தருவித்து, மென்பொருளை ஏற்றி, கம்பிகளைப் பற்றவைத்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வளர்ந்த கைத்தொழில் இது.

வெளியுலகின் கவனம் 2003 நவம்பரில் திரும்பியது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் முன்னாள் மேலாளர் மால்கம் மெக்லாரன், வயர்ட் இதழில் எழுதிய கட்டுரையில் கேம் பாய் இசையைப் புதிய பங்க் என்று கொண்டாடினார். பெரும் இசை நிறுவனங்களுக்கு எதிரான, பழைய கருவிகளைக் கொண்ட கிளர்ச்சியாக அதை அவர் வரைந்து காட்டினார். களத்தில் இருந்தவர்களுக்கோ பெருமையைவிடக் கோபமே மிகுதியாக வந்தது. ஜிவெம் என்ற கலைஞர் 2004-ல் அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பல ஆண்டுகளாக இருந்துவரும் மரபை நேற்றுத் தோன்றிய புதுமையாகக் காட்டுவதை எதிர்த்த கடிதம் அது. வரலாற்றாளர் பார்வையில் அந்தக் கோபம் நியாயமானது. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது: மெக்லாரனை ஈர்த்தது மேடைதான். கணினித் திரைக்குப் பின்னால் மட்டும் அந்த இசை இருந்திருந்தால், பங்க் இசையின் மேலாளர் ஒருவர் கண்ணில் அது பட்டிருக்காது. 2005-ல் பாடகர் பெக் தன் பாடல்களின் கேம் பாய் மறுகலவைகளைத் தனி வெளியீடாகவே கொண்டுவந்தார்.

மேடையின் தலைநகரமாக நியூயார்க் உருவானது. நல்ஸ்லீப் என்ற பெயரில் நிகழ்த்தும் ஜெரமையா ஜான்சன் தன் நண்பரோடு 1999-ல் தொடங்கிய 8பிட்பீப்பிள்ஸ், பாடல்களை இலவசமாக வெளியிட்ட கூட்டமைப்பு. அவரும் பிட் ஷிஃப்டர் என்ற கலைஞரும் 2006-ல் கேம் பாய்களோடு ‘சர்வதேச சிப்டியூன் எதிர்ப்பு’ என்ற பெயரில் உலகப் பயணம் சென்றார்கள். டிரம் செட்டும் கிட்டாரும் சுமக்கும் குழுக்களுக்கு அது எட்டாக் கனி. இவர்களுடைய முழு வாத்தியமும் தோள்பையில் அடங்கியது. கையடக்கம் என்பது வெறும் வசதியாக நின்றுவிடவில்லை, ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்த சிறு வட்டங்களை ஒரே பரப்பாக இணைத்த விசையாகவும் அது ஆனது.

அதே ஆண்டு நவம்பர் 30 முதல் டிசம்பர் 3 வரை, தி டேங்க் என்ற லாப நோக்கற்ற கலை அரங்கும் 8பிட்பீப்பிள்ஸும் சேர்ந்து மன்ஹாட்டனில் முதல் பிளிப் திருவிழாவை நடத்தின. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று பல திசைகளிலிருந்து 30-க்கும் மேற்பட்ட கலைஞர்கள் வந்தார்கள். அதை மையமாகக் கொண்டு பால் ஓவன்ஸ் இயக்கிய ரீஃபார்மேட் த பிளானெட் ஆவணப்படம் 2008-ல் வெளியானது. நியூயார்க்கில் 2012 வரை நடந்த பிளிப், டென்மார்க்குக்கும் டோக்கியோவுக்கும் மெல்போர்னுக்கும் சென்றது. மெல்போர்னிலும் டோக்கியோவிலும் அதன் தொடர்ச்சியாக ஸ்கொயர் சவுண்ட்ஸ் திருவிழா எழுந்தது. பெய்ஜிங்கிலிருந்து சுலுமி, வட அயர்லாந்திலிருந்து சிப்ஸெல் என்று புதிய பெயர்கள் வந்தன. இரண்டு கேம் பாய்களோடு நிகழ்த்தும் சிப்ஸெல்லின் இசையைத்தான் 2012-ல் சூப்பர் ஹெக்ஸகன் விளையாட்டு ஏற்றுக்கொண்டது. விளையாட்டுக் கருவியிலிருந்து மேடைக்குப் போன இசை, மேடை வழியாக விளையாட்டுக்குத் திரும்பியது.

ஆனால் மேடை ஒரு கேள்வியையும் கொண்டுவந்தது. வயலினில் வில்லின் அசைவு தெரியும். கேம் பாயில் கட்டைவிரல் அரை அங்குலம் நகர்வதை மூன்றாம் வரிசையில் இருப்பவரே பார்க்க முடியாது. கலைஞர் நிஜமாகவே வாசிக்கிறாரா, பதிவை ஓடவிட்டு நிற்கிறாரா? இதற்கு இரண்டு விதமான பதில்கள் உருவாயின. ஒன்று உடல்: குதிப்பது, தலையை உலுக்குவது, கருவியை உயர்த்திக் காட்டுவது, கூட்டத்துக்குள் இறங்கிவிடுவது. கருவி கைக்குள் இருப்பதால் மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டிய கட்டாயமே இல்லை, மடிக்கணினிக் கலைஞர்களுக்கு இல்லாத சுதந்திரம் அது. மற்றொன்று காட்சி. நோ கேரியர் போன்றவர்கள் நின்டென்டோவின் பழைய வீட்டுக் கருவிகளிலிருந்தே நேரடியாக உருவாக்கிய காட்சிகளைப் பின்திரையில் ஓடவிட்டார்கள். பிளிப் திருவிழாவின் அறிவிப்புகளில் காட்சிக் கலைஞர்களின் பெயர்களும் இசைக்கலைஞர்களின் பெயர்களோடு இடம்பெற்றன.

உண்மைத்தன்மை பற்றிய விவாதமும் இங்கிருந்துதான் கூர்மையானது. ஆக்ஸ்ஃபோர்டில் இந்தச் சமூகத்தை இனவரைவியல் முறையில் ஆராய்ந்த மரிலூ பொலிமெரொபூலூ, சிப் இசைக்கலைஞர்களைத் தலைமுறைகளாகப் பகுத்துப் பார்க்கிறார். டெமோ பண்பாட்டிலிருந்து வந்தவர்கள் முதலாவது, கேம் பாய் வழியாக வந்தவர்கள் அடுத்தது. பழைய கருவியே இல்லாமல் கணினி மென்பொருளில் அதன் ஒலியை மட்டும் உருவாக்குபவர்கள் மூன்றாவது. இந்த மூன்றாம் வகையைச் சிலர் போலி பிட் என்று ஏளனமாக அழைத்தார்கள். ஒலிப்பதிவை மட்டும் கேட்டால், பழைய கருவியில் உருவானதையும் இதையும் பிரித்தறிவது பலநேரம் கடினம். மேடையில்தான் வேறுபாடு பெரிதாகிறது. நான்கு தடங்களும் எட்டுப் பொத்தான்களும் தரும் நெருக்கடிக்குள் ஒருவர் எடுக்கும் முடிவுகளைக் காணத்தான் அரங்கு வருகிறது. கருவிக்காக வாதாடியவர்களின் தரப்பில், அளவுக்கு மீறிய தூய்மைவாதத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இந்த நியாயம் மிஞ்சுகிறது.

அடுத்தடுத்த கையடக்கக் கருவிகளிலும் முயற்சிகள் நடந்தன. தோஷியோ இவாயின் எலக்ட்ரோபிளாங்டன் 2005-லும், கோர்க் நிறுவனத்தின் பழைய சிந்தசைசரைப் பின்பற்றிய டிஎஸ்-10 2008-லும் நின்டென்டோ டிஎஸ் கருவிக்கு வந்தன. இரண்டும் முறையான வணிக வெளியீடுகள், ஆனாலும் கேம் பாயின் இடத்தை அவற்றால் பிடிக்க முடியவில்லை. லிட்டில் சவுண்ட் டிஜேயின் அமைப்பைத் தழுவிய லிட்டில் ஜிபி டிராக்கர், ஜிபி2எக்ஸ், பிஎஸ்பி ஆகிய கருவிகளில் எட்டுத் தடங்களோடு இயங்கியது. 2020-களின் தொடக்கத்தில், ஆர்டுயினோபாயை உருவாக்கிய அதே டிராஷ்80, எம்8 என்ற தனிக் கருவியைக் கொண்டுவந்தார். அது விளையாட்டுக் கருவியே அல்ல; தொடக்கம் முதல் வாத்தியமாகவே செய்யப்பட்டது. ஆனாலும் சங்கிலி, சொற்றொடர், அருகருகே அமைந்த திரைகள், எட்டே பொத்தான்கள் என்று கோட்லின்ஸ்கியின் இலக்கணம் அப்படியே தொடர்கிறது. 2021 இறுதியில் வெளியான அனலாக் பாக்கெட் கருவியில் நானோலூப் உள்ளேயே பொருத்தப்பட்டு வந்தது. கல்லூரி மாணவர் ஒருவர் அனுமதியின்றி எழுதிய மென்பொருள், 23 ஆண்டுகள் கழித்து ஒரு கருவியின் விற்பனை அம்சமாகியிருக்கிறது.

இந்த வரலாற்றை எழுத முனைபவர்களுக்கு ஓர் ஆவணச் சிக்கல் காத்திருக்கிறது. கென்னத் மெக்கல்பைனின் 2018-ஆம் ஆண்டு நூல் போன்ற விரிவான வரலாறுகள் கருவிகளையும் பாடல்களையும் நன்றாகவே பதிவுசெய்துள்ளன; மேடையில் நடந்ததை மீட்பதுதான் கடினம். பாடல்கள் தோட்டாவின் நினைவகத்தில் இருப்பவை. பெரும்பாலான பழைய தோட்டாக்களில் அந்த நினைவகம் ஒரு நாணய அளவுப் பேட்டரியை நம்பியே உயிர் வாழ்கிறது. பேட்டரி தீர்ந்தால் பாடலும் அழியும். கணினிக்கு நகலெடுக்கப்பட்ட கோப்புகள் தப்பின. ஆனால் தப்பிய கோப்பில் சங்கிலிகள் மட்டுமே இருக்கின்றன. ஓர் இரவில் எந்தச் சங்கிலியை எத்தனை முறை சுழலவிட்டார், தாளத்தை எப்போது மௌனமாக்கினார், எந்தக் கணத்தில் திரும்பக் கொண்டுவந்தார் என்பது அதில் இல்லை. அதற்கு ஒளிப்பதிவுகளையும், அரங்கில் இருந்தவர்களின் வாய்மொழியையும்தான் நாட வேண்டும். பிளிப் திருவிழாவுக்கு அப்படிப்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அதற்கு முன் ஹம்பர்க்கிலும் ஸ்வீடனிலும் சிறு அரங்குகளில் நடந்த ஆரம்பகால நிகழ்வுகளைப் பொறுத்தவரை, அவற்றில் வாசித்தவர்களும் கேட்டவர்களும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நேர்கண்டு பதிவுசெய்வதே இத்துறையில் அடுத்து நடக்க வேண்டிய வேலை.